எறிந்த விசை பந்துக்குள் இல்லை

மேல்நோக்கி எறியப்பட்ட பந்து பாதி வழியில் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அந்தப் பந்தின் மீது செயல்படும் விசைகளை வரைந்து காட்டுக.

இந்த முறை திருத்திய விடைத்தாள்களிலும் பெரும்பாலானவற்றில் இரண்டு அம்புக்குறிகள். கீழ்நோக்கி ஒன்று, புவியீர்ப்பு விசை. மேல்நோக்கி அதைவிட நீளமாக இன்னொன்று. அதற்குப் பெயர் சில தாள்களில் 'எறிந்த விசை', சிலவற்றில் 'கையின் விசை', சிலவற்றில் 'ஆரம்ப விசை'. அந்த மேல் அம்பைச் சிவப்பு மையால் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. இதே மாணவர்கள் அடுத்த பக்கத்தில், அதே பந்து எவ்வளவு உயரம் போகும் என்ற கணக்கைப் பிழையே இல்லாமல் போட்டிருக்கிறார்கள். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான். சூத்திரம் கை கொடுத்துவிடுவதால் உள்ளே இருக்கும் தப்பு வெளியே தெரிவதில்லை. முழு மதிப்பெண்ணோடு அது மேல்வகுப்புக்குப் போகிறது, அங்கிருந்து கல்லூரிக்கும் போகிறது.

இயக்கம், விசை, ஆற்றல் மூன்றையும் தேர்வுக்கு முன் திருப்பிப் பார்க்க உட்காருபவர்கள் முதலில் இந்த ஒரு அம்பைத் தீர்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

கை பந்தைத் தொட்டுக்கொண்டிருந்த வரை தள்ளியது. பந்து விரலை விட்டு விலகிய கணத்தில் அந்தத் தள்ளல் முடிந்தது. மிச்சம் மீதி எதுவும் பந்தோடு போகவில்லை. விசை என்பது ஒரு பொருள் இன்னொரு பொருளின் மீது செலுத்துவது. செலுத்துபவர் கைவிட்ட பிறகு அது பந்துக்குள் தேங்கி நிற்காது, கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தும் போகாது. பறந்துகொண்டிருக்கும் பந்தைத் தொடுவது காற்று மட்டும்தான். அதையும் விட்டுவிடச் சொல்லிவிட்டோம். தொடாமல் இழுப்பது பூமி ஒன்றுதான். ஆகவே ஒரே அம்பு, கீழ்நோக்கி. ஏறும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான், இறங்கும்போதும் அதுதான்.

"அப்படியானால் பந்து ஏன் சார் மேலே போகிறது?" இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை, வர வேண்டியதும்தான். கையை விட்டபோதே அது மேலே போய்க்கொண்டிருந்தது. அதனால் போகிறது. போய்க்கொண்டிருக்கும் பொருள் தொடர்ந்து போக யாரும் தள்ள வேண்டியதில்லை. அதன் வேகத்தையோ திசையையோ மாற்றத்தான் விசை வேண்டும். கையிடமிருந்து பந்து வாங்கிக்கொண்டு போனது திசைவேகத்தை, அதாவது திசையோடு சேர்ந்த வேகத்தை. அதோடு சேர்ந்து உந்தமும் (நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது) இயக்க ஆற்றலும் (இயங்குவதால் பொருளுக்கு இருக்கும் ஆற்றல்) வந்தன. 'எறிந்த விசை' என்று நீங்கள் எழுதும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் இந்த உந்தம்தான். உணர்வு சரி, ஆனால் அதை அம்பாக வரைந்து நியூட்டனில் அளந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

எண்களை வைத்துப் பாருங்கள். பந்தின் நிறை 0.2 கிலோகிராம், கிளம்பும் வேகம் வினாடிக்கு 20 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கம், அதாவது பூமி இழுப்பதால் ஒவ்வொரு வினாடியும் வேகம் மாறும் அளவு, 10 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடியில் வேகம் 10 ஆகிறது, இரண்டாவது வினாடியில் சுழியம், மூன்றாவதில் கீழ்நோக்கி 10, நான்காவதில் கீழ்நோக்கி 20. ஒவ்வொரு வினாடியும் அதே 10 குறைகிறது. ஏறும்போது ஒரு விதமாகவும் உச்சியில் வேறு விதமாகவும் அது மாறவில்லை. மேல்நோக்கி ஒரு விசை இருந்து அது படிப்படியாகத் தேய்ந்துகொண்டிருந்தால் இப்படிச் சீராகக் குறைய வழியே இல்லை. உங்கள் கணக்கே உங்கள் படத்தைப் பொய் என்று சொல்கிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு எப்படித்தான் கடந்துபோகிறீர்கள்!

உச்சியில் முடுக்கம் சுழியம் என்று எழுதுபவர்களுக்கு ஒரே கேள்வி. வேகமும் சுழியம், முடுக்கமும் சுழியம் என்றால் அடுத்த கணம் வேகம் எப்படி மாறும்? பந்து அங்கேயே அந்தரத்தில் நிற்க வேண்டியதுதான். வேகம் சுழியமாவது ஒரு கணம் மட்டும். முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 10.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இயங்கும் பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் நினைத்தார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிடான் என்ற தத்துவ அறிஞர், எறிபவர் பொருளுக்குள் ஒரு உந்துதலைப் பதித்து அனுப்புகிறார் என்று விளக்கினார். இன்றைய விடைத்தாளில் இருக்கும் மேல் அம்புக்கு மிக நெருக்கமான எண்ணம் அது. கலிலியோ சாய்தளங்களை வைத்து யோசித்தார். ஒரு சரிவில் உருண்டு இறங்கும் குண்டு எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச் சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த, அந்த உயரத்தை எட்ட அது இன்னும் தூரம் ஓட வேண்டியிருக்கிறது. முற்றிலும் சமதளமாக்கி, உராய்வையும் எடுத்துவிட்டால்? நிற்கக் காரணமே இல்லை. 1687இல் நியூட்டன் அதை முதல் விதியாக்கினார். அறிஞர்களுக்கே இத்தனை நூற்றாண்டு பிடித்த விஷயத்தை ஒரு பாடவேளையில் மூன்று வரி எழுதிப்போட்டு முடித்துவிடுகிறோம். ஆசிரிய நண்பர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

நம்மை ஏமாற்றுவது உராய்வு. மேசையைத் தள்ளுவதை நிறுத்தினால் மேசை நின்றுவிடுகிறது, அதனால் தள்ளினால்தான் நகரும் என்று உடம்பே கற்றுக்கொள்கிறது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் சூரியனைப் பொறுத்து வினாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து அதை எந்த எஞ்சினும் தள்ளவில்லை. அதிலுள்ள சிறு உந்திகள் ஆன்டெனாவைப் பூமியின் பக்கம் திருப்பி வைத்திருக்கத்தான். சூரியனின் ஈர்ப்பு பின்னோக்கி இழுத்துக்கொண்டிருந்தும் அது போகிறது.

இதே தப்பு வேறு வேடத்தில் வருவதையும் கவனியுங்கள். நேரான சமதளச் சாலையில் மாறாத வேகத்தில் போகும் காரை முன்னோக்கி 500 நியூட்டன் விசை செலுத்துகிறது, எதிர்ப்பு விசை எவ்வளவு? '500ஐ விடக் குறைவு' என்றுதான் பலர் எழுதுகிறார்கள். குறைவாக இருந்தால் கார் முடுகும். வேகம் மாறாது என்று கேள்வியிலேயே சொல்லியாயிற்று. எதிர்ப்பும் சரியாக 500தான்.

இன்னொரு வேடம், "பிரேக் போட்டதும் ஏதோ ஒரு விசை என்னை முன்னால் தள்ளியது" என்பது. யாரும் தள்ளவில்லை. வண்டியின் வேகம் குறைந்தது, உங்கள் உடம்பு பழைய வேகத்திலேயே போனது. இதை மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, "நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று முன் இருக்கையில் உட்காரும் பெரியவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாருங்கள். 10 கிலோ குழந்தை. கார் மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போய் மோதி 0.1 வினாடியில் நிற்கிறது. குழந்தையையும் அதே நேரத்தில் நிறுத்த வேண்டும் என்றால் உங்கள் கைகள் சராசரியாக 1,500 நியூட்டன் விசை கொடுக்க வேண்டும். 150 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசை அது. எந்தத் தாயின் கையாலும் முடியாது. குழந்தைக்கு உரிய இருக்கையும் பட்டையும்தான் அந்த விசையைக் கொடுக்க முடியும்.

ஆற்றலில் நான் வலியுறுத்துவது ஒன்றே ஒன்று: இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60க்குப் போனால் ஆற்றல் நான்கு மடங்கு. பிரேக்கின் விசை அதேதான் என்றால் நிற்பதற்கான தூரமும் நான்கு மடங்கு. வண்டி ஓட்டத் துடிக்கும் வயதில் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். நம் பந்துக்கும் இதே கதைதான். கிளம்பும்போது 40 ஜூல், உச்சி 20 மீட்டர் உயரத்தில். 10 மீட்டரில் இயக்க ஆற்றல் பாதியாகி 20 ஜூல். ஆனால் அங்கே வேகம் பாதியாகியிருக்காது, வினாடிக்கு சுமார் 14 மீட்டர் இருக்கும். வேகம் பாதியாகும் இடம் 15 மீட்டர் உயரம். போட்டுப் பார்த்துச் சரிபாருங்கள்.

நியூட்டனின் மூன்றாம் விதியையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பொருள் இன்னொன்றின் மீது விசை செலுத்தினால், அந்த இன்னொன்றும் முதல் பொருளின் மீது அதே அளவு விசையை எதிர்த்திசையில் செலுத்தும். மேசை மேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேசை அதன் மீது தரும் செங்குத்து விசையும் செயல், எதிர்ச்செயல் இணை கிடையாது. இரண்டும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன. இணை என்றால் இரண்டு வெவ்வேறு பொருள்கள் மீது இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் லிஃப்டில் ஏறுங்கள். 50 கிலோ உள்ளவரின் எடை 500 நியூட்டன். லிஃப்ட் 2 என்ற முடுக்கத்தோடு மேலே கிளம்பும்போது தரை அவருக்குத் தரும் விசை 600. சமமாகவே இல்லாதவை எப்படி இணையாகும்? எடையின் இணை, அவர் பூமியை மேல்நோக்கி இழுக்கும் விசை.

திருப்பிப் பார்க்கும்போது சூத்திரப் பட்டியலை முதலில் கையில் எடுக்காதீர்கள். தனித்த பொருள் விசைப்படம் வரையுங்கள். ஒரு பொருள், அதன் மீது செயல்படும் விசைகள் மட்டும். ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் 'கொடுப்பது யார்' என்று எழுதுங்கள்: பூமி, மேசை, கயிறு, காற்று. பெயர் சொல்ல முடியாத அம்பை அழித்துவிடுங்கள். திசைவேகத்தையும் காட்ட வேண்டும் என்றால் படத்துக்கு வெளியே வேறு நிறத்தில் வரையுங்கள், விசைகளோடு கலக்காதீர்கள். இயக்கச் சமன்பாடுகளை எடுக்கும் முன் முடுக்கம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறை கிலோகிராமில், எடை நியூட்டனில். இதைக்கூட இன்னும் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

வினாத்தாள் தயாரிக்கும் சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உயரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் இந்தத் தப்பு ஒருநாளும் சிக்காது. அடுத்த தேர்வில் அந்தக் கணக்கோடு விசைப்படத்தையும் கேளுங்கள். பாதி மதிப்பெண்ணைப் படத்துக்கு ஒதுக்குங்கள். மேல் அம்பு போட்ட மாணவரிடம் 'தவறு' என்று எழுதி நிறுத்தாமல், "இதைக் கொடுப்பது யார்?" என்று தாளின் ஓரத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.