சென்சஸ்: தொகைமதிப்பா, மதிப்பீடா?

கையில் படிவத்தோடோ டேப்லட்டோடோ படலையடியில் நிற்பவரைத் திருகோணமலையில் ‘சென்சஸ்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அவரை அனுப்பிய அரச நிறுவனத்தின் தமிழ்ப் பெயர் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம். பிள்ளையின் பாடக்கொப்பியில் ‘குடிசன மதிப்பீடு’ என்றிருக்கும். தமிழ்நாட்டுப் பத்திரிகையைப் புரட்டினால் ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’. மூன்றும் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. நடுவில் உள்ள சொல் பிழையான பொருளுக்கு இழுத்துப்போகிறது.

சென்சஸ் லத்தீன் சொல். ‘மதிப்பிடு’ என்று பொருள்படும் சென்செரே என்ற வினையிலிருந்து வந்தது. பழைய ரோமில் குடிமக்கள் தங்கள் குடும்பத்தையும் சொத்தையும் சென்சார் எனப்பட்ட அதிகாரியின் முன் சொல்லிப் பதிய வேண்டும். வரியும் படைக்கடமையும் அந்தப் பதிவை வைத்தே தீர்மானமாயின. ஆக, ஆளின் தகுதியை மதிப்பதே அதன் முதற்பொருள். தலையை எண்ணுவது பிறகு முன்னுக்கு வந்தது. இலங்கைத் தமிழில் ‘மதிப்பு’ என்ற சொல் உள்ளே வந்தது அந்த வேர்ப்பொருளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ‘தொகை’ தொகு என்ற வினையின் பிள்ளை: சேர்த்தெடுத்த மொத்தம். தொகைமதிப்பு நல்ல தமிழ்.

‘மதிப்பீடு’ என்றால் இன்று நாம் விளங்கிக்கொள்வது வேறு. வீடு கட்டமுன் மேசன் தரும் உத்தேசக் கணக்கும் மதிப்பீடுதான். தொகைமதிப்போ உத்தேசமல்ல, குறித்த நாளில் நாட்டிலுள்ள ஒவ்வொருவரையும் விடாமல் எண்ணுவது. இலங்கையில் அது முறையாகத் தொடங்கியது 1871இல்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எங்கள் மாவட்டத்தை விட நல்ல உதாரணம் இல்லை. 1981 தொகைமதிப்பில் திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 256,000 பேர். அடுத்தது 1991இல் வந்திருக்க வேண்டும், போரால் நடக்கவில்லை. 2001இல் நடந்தபோதும் எங்கள் மாவட்டத்தில் முழுமையாக எண்ண முடியவில்லை. 2012இல்தான் 379,541 என்ற முழுத்தொகை கிடைத்தது. இடையில் 31 வருடம் பாவனையில் இருந்த எண்களில் பெரும்பகுதி மதிப்பீடே.

மதிப்பீட்டைக் கணிப்பது இப்படி: கடைசித் தொகைமதிப்பின் எண்ணோடு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்து குடியேறியவர்களைச் சேர்த்து, வெளியேறியவர்களைக் கழிக்க வேண்டும். பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவாளர் இருக்கிறார். மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போன குடும்பத்துக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. முதல் வருடத்தில் சின்னதாகத் தெரியும் பிழை வருடாவருடம் சேர்ந்துகொண்டே போகும். அதனால் 1990களின் எண் ஒன்றைக் கட்டுரையில் எடுத்தாளும்போது அது எண்ணியதா, கணித்ததா என்று எழுதியே ஆகவேண்டும். இரண்டுக்கும் ‘குடிசன மதிப்பீடு’ என்றே எழுதினால் வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்?

எண்ணுவதிலும் இரண்டு வழி உண்டு. அன்றிரவு எங்கே தங்கினாரோ அங்கே எண்ணுவது ஒன்று. வழமையாக எங்கே வசிக்கிறாரோ அங்கே எண்ணுவது மற்றது. குச்சவெளிக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். தங்கிய இடத்தில் எண்ணும் முறையில் யூலையில் எண்ணினால் வாடிக்காரர் எல்லோரும் திருகோணமலைக் கணக்கில் விழுவார்கள். மார்ச்சில் எண்ணினால் அனேகர் தங்கள் ஊர்க்கணக்கில் இருப்பார்கள். வாடியில் ஒருமுறை, ஊரில் மனைவி சொல்லி இன்னொருமுறை என்று ஒரே ஆள் இரட்டிப்பதும் நடக்கக்கூடியதே. ஆகவே இரண்டு தொகைமதிப்புகளை ஒப்பிடமுன் எந்த முறையில் எண்ணினார்கள் என்று பாருங்கள்.

வாக்காளர் இடாப்பு வேறு சங்கதி. அது வருடாவருடம் திருத்தப்படுவது, 18 வயதானவர்களுக்கு மட்டுமானது. தொகைமதிப்பில் நேற்றுப் பிறந்த குழந்தையும் ஒரு ஆள்.

இனி ‘குடி’. குடியிரு, குடியேறு, குடிபெயர், குடித்தனம் எல்லாவற்றிலும் இருப்பது ஓரிடத்தில் ஊன்றி வாழ்வது என்ற பொருள். எண்ணும்போது கொள்ளும் குடித்தனத்துக்கு இரத்த உறவு கட்டாயமல்ல. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவதே அளவுகோல். ஒரு கூரையின் கீழ் தாய் ஒரு உலையும் கலியாணம் முடித்த மகள் இன்னொரு உலையும் வைத்தால் அது இரண்டு குடித்தனம். இதைக் கேட்காமல் வாசலில் நின்று ‘ஒரு வீடு’ என்று எழுதிவிட்டால் குடித்தனங்களின் எண்ணிக்கை குறைந்து, ஒரு குடித்தனத்தின் சராசரி அளவு பொய்யாகப் பெருக்கும்.

கிழக்கில், சிறப்பாக மட்டக்களப்புப் பக்கம், ‘குடி’ என்றால் தாய்வழி வரும் வம்சப்பிரிவு. கோயில் உரிமையும் கலியாணப் பொருத்தமும் பேசும்போது ‘நீங்கள் என்ன குடி?’ என்று கேட்பது அதைத்தான். குடிசன மதிப்பீட்டில் வரும் குடிக்கு அந்தப் பொருள் இல்லை. ‘தொகைமதிப்பு’ என்று எழுதினால் இந்தக் குழப்பத்துக்கும் இடமில்லை. ‘மதிப்பீடு’ என்ற சொல்லும் கணித்தெடுத்த எண்ணுக்கென்றே மிஞ்சும்.