சிஎன்சி மெஷின் கட்டுகிறீர்களா? மோட்டாருக்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள்

"அண்ணே, நேமா 23 வாங்கவா, 34 வாங்கவா?" சொந்தமாக சிஎன்சி மெஷின், அதாவது கணினி சொல்லும் பாதையில் தானாக வெட்டும் மெஷின், கட்ட இறங்கும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது இந்த மோட்டார் அளவைத்தான். எதை வெட்டப் போகிறாய், எத்தனை அடி நீளம் என்று நான் திருப்பிக் கேட்பேன். மோட்டார் அப்புறம். மோட்டார் சுற்றுவதை நேரான ஓட்டமாக மாற்றித் தருவது பெல்ட்டா, ஸ்குரூவா, ரேக் பினியனா (பல் வெட்டிய சட்டத்தில் ஓடும் பல்சக்கரம்) என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அது பிழைத்தால் எவ்வளவு பெரிய மோட்டார் போட்டும் பயனில்லை.

தேயிலை ஸ்டோர்களில் இயந்திரப் பராமரிப்பு என் தொழில். இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கேட், கிறில் அடிக்கும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் தச்சு வேலைக்காரர்களும் தாங்களே மெஷின் கட்டத் துணிவதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் 2022இல் ரூபாய் விழுந்த பிறகு வெளியிலிருந்து வரும் சாமான் எல்லாமே கையைக் கடிக்கிற விலை. ஒருமுறை பிழையாக வாங்கினால் மறுமுறை வாங்க முடியாமல் பாதி மெஷின் மூலையில் கிடக்கும்.

பலரும் நேராகப் பால் ஸ்குரூவுக்கு, அதாவது நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்குரூவுக்கு, போகிறார்கள். கடையில் 1605 என்று விற்பது 16 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்வு. மரத்தில் செதுக்கு வேலைக்கும் அலுமினியம் வெட்டவும், நீளம் மூன்று நான்கு அடிக்குள் இருந்தால், அதையே போடுங்கள். மின்சாரச் சுவாலையால் 8க்கு 4 அடி தகடு வெட்டும் பிளாஸ்மா மேசைக்கு மட்டும் வேண்டாம். அதற்கு ஸ்குரூ இரண்டரை மீட்டர் வேண்டும். அவ்வளவு நீளத்தை வேகமாகச் சுற்றினால் நடுப்பகுதி பிள்ளைகள் சுற்றும் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வீசத் தொடங்கும். நீளம் இரட்டிப்பானால் ஸ்குரூ தாங்கும் சுழல்வேகம் நான்கில் ஒன்றாகிவிடும். இரண்டரை மீட்டரில் 1605ஐ நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 சுற்றுக்கு மேல் ஓட்டுவது நல்லதல்ல. அப்படியென்றால் கிடைப்பது நிமிடத்துக்கு ஒன்றேகால் மீட்டர். மெல்லிய தகட்டைப் பிளாஸ்மாவில் சுத்தமாக வெட்ட ஐந்து மீட்டரும் போதாமல் போகலாம். மெதுவாகப் போனால் தகடு வளையும், அடியில் கசடு ஒட்டும், பிறகு நாள் முழுக்கக் கிரைண்டர் பிடிக்க வேண்டியதுதான்.

நீளமான மேசைக்கு ரேக் பினியன்தான் என் தெரிவு. எத்தனை அடி நீட்டினாலும் வேகம் குறையாது. ஆனால் மோட்டாரில் பினியனை நேரடியாக மாட்டிவிடாதீர்கள். மொடியூல் (பல்லின் அளவு) 1.5, 20 பல் உள்ள பினியன் ஒரு சுற்றுக்கு 94 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சுற்றை 200 ஸ்டெப்பாக, அதாவது சிறு அடிகளாக, எடுத்து வைக்கும் ஸ்டெப்பர் மோட்டாரில் ஒரு ஸ்டெப்புக்கே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். இடையில் சிறிய பெல்ட் புலி வைத்து மூன்றுக்கு ஒன்றாகக் குறைத்தால் ஒரு சுற்றுக்கு 31 மில்லிமீட்டர், இழுவையும் மூன்று மடங்கு. மோட்டார் 300 சுற்றில் ஓடினாலே நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர் வந்துவிடும். பினியனை ஸ்பிரிங் வைத்து ரேக்கோடு அழுத்திவிட்டால் பல்லுக்கிடையில் ஆட்டம் (பிளே) இருக்காது.

ரேக் துண்டுகளைச் சேர்க்கும் இடத்தில்தான் பலருக்கும் சறுக்குகிறது. இரண்டு துண்டையும் முட்டுக்கு முட்டு வைத்து போல்ட் இறுக்கினால் அந்த இணைப்பில் பல்லின் இடைவெளி மாறிவிடும், வெட்டிலும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஒரு நெளிவு விழும். மூன்றாவது துண்டொன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் பல் இரண்டு துண்டிலும் பதியும்படி கிளாம்ப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு போல்ட்டை இறுக்குங்கள். பல் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

"0.001 மில்லிமீட்டர் துல்லியம்" என்று போட்டிருக்கும் விளம்பரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். மோட்டாரை இயக்கும் டிரைவர் பெட்டியில் ஸ்டெப்பைப் பிரித்துக் கணக்குப் பார்த்தால் அப்படி ஓர் எண் வரும், வெட்டில் அது வராது. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் சி7 தர பால் ஸ்குரூவிலேயே 300 மில்லிமீட்டருக்கு 0.05 வரை பிழை இருக்கலாம். பிளாஸ்மா வெட்டிப் போகும் கோடே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகலம். கேட் பூ வெட்டுகிறவருக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் எதற்கு?

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லேசருக்கும் ரெஜிபோம் வெட்டவும் சரி. பலகையில் கட்டர் அழுத்தும்போது பெல்ட் இழுபடும், வட்டம் வட்டமாக வராது.

மோட்டாருக்கு வருவோம். பெட்டியில் போட்டிருக்கும் நியூட்டன் மீட்டர், மோட்டார் அசையாமல் பிடித்திருக்கும்போது உள்ள பலம். ஸ்டெப்பர் வேகம் கூடக் கூட அது இறங்கும். அதே மோட்டாரை 24 வோல்டுக்குப் பதிலாக 48இல் ஓட்டினால், டிரைவர் தாங்குமானால், வேகத்திலும் இழுவை நிற்கும். பணம் இருந்தால் குளோஸ்ட் லூப், அதாவது தான் எவ்வளவு சுற்றியது என்று தானே சரிபார்க்கும் மோட்டார், எடுங்கள். மேசையின் இரண்டு பக்கமும் மோட்டார் இருக்கும்போது ஒன்று ஸ்டெப் தவறினால் குறுக்கே நிற்கும் பாலம் கோணிக்கொள்ளும், குளோஸ்ட் லூப் அதைக் கண்டுபிடித்து மெஷினை நிறுத்தும்.

நம் பக்கத்து மூடுபனியையும் கணக்கில் எடுங்கள். பருவமழை மாதங்களில் பட்டறைக்குள் இருக்கும் இரும்பெல்லாம் வேர்க்கும். எம்டிஎஃப் பலகைத் தூள் அந்த ஈரத்தோடும் கிரீஸோடும் சேர்ந்து பால் நட்டின் வாயில் கபில நிறக் களிம்பாக இறுகிப்போயிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்குரூவுக்கு மடிப்பு உறை போடுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று நட்டை ஸ்குரூவிலிருந்து சுற்றிக் கழற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் குண்டுகள் கொட்டிவிடும்.

நான் மிகவும் பயப்படுவது மேலே கீழே ஓடும் அச்சைப் பற்றித்தான். காற்றுக்கு மரம் சாய்ந்து கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. கரண்ட் போன நொடியில் ஸ்டெப்பரின் பிடி விட்டுவிடும். பால் ஸ்குரூ அதிக உராய்வில்லாமல் ஓடுவதால் கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டில் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அதன் கீழே கை இருந்தால்? பிரேக் உள்ள மோட்டார் போடுங்கள், அல்லது அந்த அச்சுக்கு மட்டும் 10க்கு 2 (விட்டம் 10, ஒரு சுற்றுக்கு நகர்வு 2 மில்லிமீட்டர்) மாதிரி ஒற்றைப் புரி லீட் ஸ்குரூ, அதாவது குண்டில்லாத சாதா ஸ்குரூ, போடுங்கள். அது தானாக இறங்காது. 8க்கு 8 என்று விற்பது நான்கு புரி, அதை நம்ப முடியாது. கரண்ட் திரும்பி வந்ததும் ஸ்பிண்டில் தானாகச் சுற்றாதபடி கரண்ட் போனதும் தானே விட்டுவிடும் சுவிட்சான கொண்டாக்டர் ஒன்றும் ஸ்டார்ட் பட்டனும் வைத்தே ஆக வேண்டும்.

மெஷின் கட்டி முடிந்ததும், கட்டர் மாட்டும் முன் ஸ்பிண்டிலுக்குக் கீழே தடித்த பலகை ஒன்றை வையுங்கள். அச்சை மேலே ஏற்றிவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு நூல் அளவு இறங்கினாலும் அந்த மெஷினில் இன்னும் வேலை தொடங்காதீர்கள்.