முளைச்சிருச்சுன்னு மட்டும் பாக்காதீங்க, வேரைப் பாருங்க

போன தை மாசம் எங்க விதைப் பரிசோதனை லேபுக்கு டெல்டா பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் ரெண்டு மஞ்சப்பை உளுந்தோட வந்தாரு. ரெண்டும் ஒரே லாட் தான், ஒண்ணு சும்மா விதை, இன்னொண்ணு "நானோ ஜிங்க்ல ஊற வச்சு நிழல்ல காய வச்சதும்மா, முளைப்பு எவ்வளவுன்னு பாத்து சொல்லுங்க, நெல்லு அறுப்புக்கு வருது, இந்த வாரத்துல தெளிச்சாகணும்"னு ஒரே அவசரம். நானோ ஜிங்க்னா கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியான துகளா இருக்கிற ஜிங்க் ஆக்சைடு, அதாவது துத்தநாகப் பவுடர்.

வழக்கம்போல நூறு நூறா நாலு செட்டு, மொத்தம் 400 விதை எண்ணி, ஈரப் பேப்பர்ல வரிசையா வச்சு சுருட்டி அறைல நிறுத்தினோம். உளுந்துக்கு 4ஆம் நாள் முதல் எண்ணிக்கை, 7ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. 4ஆம் நாள் அவர் நேர்லயே வந்துட்டாரு, ரெண்டு சுருளும் பிரிச்சேன், ரெண்டுலயும் முளை வெளிய எட்டிப் பாக்குது, எண்ணிக்கைலயும் பெரிய வித்தியாசம் இல்ல. உளுந்து சான்று விதைன்னா குறைஞ்சது 75 சதவீதம் முளைக்கணும், அதை ரெண்டுமே தாண்டிரும்னு அப்பவே தெரிஞ்சுது. "அப்புறம் என்னம்மா, முளைச்சிருக்குல்ல"ன்னு கிளம்பப் போனாரு. இருங்கய்யா 7ஆம் நாள் வரைக்கும்னு சொல்லி நிறுத்தி வச்சேன்.

7ஆம் நாள் பிரிச்சா, சும்மா விதைல வேர் வெள்ளையா நீளமா இறங்கி பக்க வேரெல்லாம் பிடிச்சு பேப்பரோட ஒட்டிக்கிட்டு வருது, எடுக்கும்போதே பிய்யுது. நானோல ஊறினதுல வேர் அதுல பாதி கூட இல்ல, தடிச்சு கட்டையா நின்னுடுச்சு, நுனி பழுப்பு ஏறியிருக்கு, பக்க வேர் அங்கொண்ணு இங்கொண்ணு. தண்டு மட்டும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, அதான் ஏமாத்துது. முளைப்புக்குத் தேவையான சாப்பாடு பருப்புக்குள்ளயே இருக்கு, மேல தோல் காவலுக்கு இருக்கு, அதனால முளை வந்துரும். தோலைக் கிழிச்சுட்டு முதல்ல வெளிய வர்ற வேர் நுனி தான் ஜிங்க்ல நேரா முட்டுது, செல் பிரிஞ்சு பிரிஞ்சு வேர் நீளுறதும் அந்த இடத்துல தான்.

எவ்வளவு கலந்தீங்கன்னு கேட்டேன். ஆன்லைன்ல வாங்கின 50 கிராம் பாக்கெட்டு, அப்படியே 5 லிட்டர் வாளில கொட்டி இருக்காரு. பிபிஎம்னா பத்து லட்சத்துல எத்தனை பங்குங்கிற கணக்கு; லிட்டருக்கு 1 கிராம்னாலே 1000 பிபிஎம், இது 10,000. உளுந்துக்கு நம்ம வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது சாதா ஜிங்க் சல்பேட் 100 பிபிஎம், அதாவது 10 லிட்டர் தண்ணிக்கு 1 கிராம், கிலோ விதைக்கு அந்தத் தண்ணி லிட்டர்ல மூணுல ஒரு பங்கு, 3 மணி நேரம் ஊற வச்சு பழைய ஈரப்பதத்துக்கு வர்ற வரைக்கும் நிழல்ல காய வைக்கணும். அதைக் கேள்விப்பட்டுத்தான் இவரும் இறங்கி இருக்காரு, நானோன்னா அதைவிட உசத்தி சரக்குன்னு நினைச்சுட்டாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது, பாக்கெட்ல பயிர் பேரும் இல்ல அளவும் இல்ல.

ஜிங்க் பயிருக்குத் தேவைதான், அதுல சந்தேகமே வேண்டாம், வளர்ச்சி ஹார்மோனுக்கும் பல என்சைமுக்கும் அது வேணும், நெல்லுல வர்ற கெய்ரா நோய்க்கே காரணம் ஜிங்க் பற்றாக்குறைன்னு 1966ல பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்துல நேனேங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்சு சொன்னாரு. நானோ ஜிங்க் ஆக்சைடுலயும் நல்லது நடந்திருக்கு. திருப்பதில வேர்க்கடலைல பண்ணி 2012ல வெளியான ஆய்வுல 1000 பிபிஎம் அளவுல முளைப்பும் நாத்தோட வீரியமும் கூடுச்சு, அதே பொருள் 2000க்குப் போனதும் குறைஞ்சுது. அமெரிக்காவுல 2007ல ஆறு பயிர்ல பாத்தாங்க, பெரும்பாலும் முளைப்பு கெடல, மக்காச்சோளத்துல 2000 அளவுல குறைஞ்சுது, ஆனா முள்ளங்கி வேர் வளர்ச்சி 50 பிபிஎம் கிட்டயே பாதியாயிருச்சு. கடலைக்கு 1000 மருந்து, முள்ளங்கிக்கு 50 விஷம்! விதையும் வேற, செஞ்ச முறையும் வேற, அதனால ஒரு பயிரோட அளவை இன்னொண்ணுக்குத் தூக்கிட்டுப் போகவே கூடாது.

இன்னொரு சிக்கல், இந்தப் பவுடர் சல்பேட் மாதிரி கரையாது. கட்டி கட்டியா சேர்ந்து வாளி அடில உக்காந்துக்கும், மேல் விதைக்கு ஒண்ணும் இல்ல, அடி விதைக்கு பூச்சு. லேப்ல ஒலி அதிர்வால கட்டியை உடைக்கிற அல்ட்ராசோனிக் கருவி வச்சுத்தான் பிரிப்போம், குச்சியால கலக்கினா பத்தாது. அதோட இதுக்கு பாக்டீரியாவைக் கொல்ற குணமும் உண்டு, ரைசோபியம்ங்கிறது பயறு வேர்ல முடிச்சு போட்டு தழைச்சத்து பிடிச்சுக் குடுக்கிற நல்ல பாக்டீரியா, அதைக் கலக்கிற விதைல இதையும் சேர்த்தா ரைசோபியத்துக்குப் போட்ட காசு வீணாகலாம்.

பெரியவரோட நிலம் நெல் தரிசு உளுந்து, அதாவது நெல்லு அறுக்கிற சமயத்துல அதே வயல்ல விதைக்கிற உளுந்து. தெளிச்சு விட்டா மிச்ச ஈரத்துலயே வளரணும், களிமண்ணு காஞ்சு வெடிக்கிறதுக்குள்ள வேர் கீழ இறங்கணும். கட்டை வேரோட அது எங்க இறங்குறது? இதைச் சொன்னதும் ஒண்ணும் பேசல, ரெண்டு செடியையும் கைல வச்சு மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நல்லவேளை ஊற வச்சது 5 கிலோ தான், மிச்ச விதையைச் சும்மாவே தெளிச்சுட்டாரு.

நீங்களும் எதுல ஊற வச்சாலும் மொத்தத்தையும் ஊற வைக்கிறதுக்கு முன்னாடி 100 விதை மருந்துலயும் 100 விதை வெறும் தண்ணிலயும் ஊற வச்சு, ஈர நியூஸ் பேப்பர்லயோ சாக்குலயோ சுருட்டி வச்சு ஒரு வாரம் கழிச்சு வேரை ஸ்கேல் வச்சு அளங்க. பவுடரைக் கையாளும்போது மூக்கு வாயைக் கட்டிக்கோங்க.

அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு அவரே போன் பண்ணாரு, "ஏம்மா, வீட்டுல இன்னும் ரெண்டு பாக்கெட்டு கிடக்கு, வாய்க்கால்ல கொட்டிரவா?" ஐயா சாமி, அந்த வேலை மட்டும் வேண்டாம், தண்ணில வாழுற மீனு நத்தை பாசிக்கெல்லாம் ஜிங்க் ஆக்சைடு கடும் விஷம், பிரிக்காம அப்படியே கொண்டாந்து லேப்ல குடுங்கன்னேன்.