சில்கோசா: தேவதாருவும் இல்லை, சவுக்கும் இல்லை

டுபாயில் இருந்து வந்த மாமாவின் பெட்டிக்குள் பேரீச்சம்பழத்தோடு ஒரு சின்னப் பொட்டலமும் இருந்தது. உள்ளே மண்ணிறக் கொட்டைகள். பாலைப்பழக் கொட்டையைப் பிடித்து இழுத்து நீட்டியதுபோல, 2 சென்ரிமீற்றர் வரும். பல்லால் மெல்லக் கடித்தால் கோது வெடித்து வெள்ளைப் பருப்பு தெரியும். கச்சானை விட மெதுமை, லேசாகப் பிசின் வாசம்.

“தேவதாரு விதை” என்றார் மாமா. அம்மம்மா விடவில்லை. “தேவதாரம் எங்கட காட்டிலயே நிக்குது. அதின்ர பழம் சின்னச் சிவப்பெல்லோ?”

அம்மம்மா சொன்னது சரி. வன்னி போன்ற வறண்ட காடுகளில் நிற்கும் செம்மணத்திக்குத் தேவதாரம் என்றும் பெயர். இமயமலைத் தேவதாரு வேறு மரம். பொட்டலத்தில் இருந்தது இரண்டின் விதையும் இல்லை, சில்கோசா.

அது ஒரு பைன் இனம். கிழக்கு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தானின் சுலைமான் மலைத்தொடர், இமாசலப் பிரதேசத்துக் கின்னௌர் ஆகிய இடங்களில், 1800 மீற்றருக்கு மேலே வளர்வது. ஊசியிலைகள் மும்மூன்றாகக் கொத்தி இருக்கும். பட்டை கொய்யாமரத்துக்கு உரிவதுபோலத் திட்டுத்திட்டாக உரியும். காய் முற்ற இரண்டாம் வருடம் ஆகும். கின்னௌரில் இதை நியோசா என்பார்கள்.

சில்கோசா பாரசீகச் சொல். ‘சில்’ என்பது நாற்பது என்ற எண்ணின் குறுக்கம். ‘கோசா’வுக்குக் காய், கொட்டை என்று பொருள் சொல்வார்கள். அதற்காக ஒரு காயை உடைத்து நாற்பது இருக்கிறதா என்று எண்ண வேண்டாம். பாரசீகத்தில் நாற்பது என்றால் எக்கச்சக்கம். ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் உள்ள ‘நாற்பது தூண்’ மாளிகையின் முகப்பில் நிற்பவை 20 தூண்கள்தான். மதுரை ஆயிரங்கால் மண்டபத்திலும் 985தானே!

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஊசியிலை மரம்’ முழுக் கூட்டத்துக்கும் பொது. பைனுக்கு வடமொழிவழி ‘சரளம்’ உண்டு. நேரானது என்று பொருள். ஆனால் இன்று சரளம் என்றால் பேச்சுத்தான் நினைவுக்கு வரும். இலை ஊசிபோலத் தெரிவதால் பைனைச் சவுக்கு என்பதும் பிழை. முல்லைத்தீவுக் கரையில் சவுக்கின் ‘இலை’ ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே இல்லை, மெல்லிய கிளை. பைனின் ஊசி அப்படிக் கழலாது.

ஆகவே மரத்துக்குச் சில்கோசாப் பைன், தின்பதற்குச் சில்கோசாப் பருப்பு என்றே நான் எழுதுவேன். கஜுவை ஏற்ற வாய்க்கு இதுவும் பழகிவிடும்.