சூடு தரும் உடை: வாங்கும் முன்பு, போடும் முன்பு

டெல்லியில் டிசம்பர் பாதி தாண்டியதும் என் பிசியோதெரபி அறைக்கு வரும் பெரியவர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "டாக்டர், பவர் பேங்க்ல சூடாகிற நீ கேப், அதான் முட்டில மாட்டுற உறை, வந்திருக்காமே, என் பொண்ணு ஆன்லைன்ல பார்த்தா. வாங்கலாமா?" ஆர்.கே. புரம், மயூர் விஹார், ஜனக்புரி என்று எங்கிருந்து வந்தாலும் இதே கேள்விதான்.

வாங்கலாம். இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது. 2021 ஜனவரி 1 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பநிலை 1.1 டிகிரி வரை இறங்கியது. அந்தக் குளிரில் அறை ஹீட்டர் 1,000 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். முட்டியை மட்டும் சூடாக்க 10 வாட் போதும். தேய்ந்த குருத்தெலும்பைச் சூடு வளர்க்காது. ஆனால் இறுகிய தசை தளரும், வலி சற்று அடங்கும், காலையில் முதல் பத்து அடி நடப்பது எளிதாகும். அறுபது வயதுக்கு மேல் அதுவே பெரிய நிம்மதி.

என் கவலை வேறு. வாங்குகிறவர்கள் "நல்லா சூடாகுதா?" என்று மட்டும் பார்க்கிறார்கள். தோல் வேகக் கொதிக்கிற சூடு தேவையில்லை. 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து எழுதினார்கள். 44 டிகிரிச் சூடு சுமார் 6 மணி நேரம் தொடர்ந்து பட்டாலே தோல் வெந்துவிடும். அதற்கு மேல் 51 டிகிரி வரை, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். 44 டிகிரி என்பது கைக்கு இதமாகத் தெரியும் சூடு. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இதமாக இருப்பதால் அப்படியே தூங்கிவிடுகிறோம்.

காஷ்மீரில் ஃபெரன் என்ற தொளதொள நீள அங்கிக்குள் காங்கிரி வைத்துக்கொள்வார்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் தணல். வருடக்கணக்கில் அந்தச் சூடு பட்ட வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் வருவதை 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஹீட்டிங் பேடைத் தினமும் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கட்டிக்கொள்பவர்களின் இடுப்பில் வலைப்பின்னலாகச் செம்பழுப்புத் தடம் விழுவதைப் பார்க்கிறேன். அந்தத் தடம் தெரிந்தால் அந்த இடத்தில் சூடு வைப்பதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடம், இடையில் நல்ல இடைவெளி. பொதுவாக நான் சொல்லும் கணக்கு இதுதான்.

இன்னொரு விஷயத்தை விற்பவர்கள் சொல்வதே இல்லை. விலை மலிந்த பெல்ட்டுகளில் 'லோ, மீடியம், ஹை' என்று இருக்கும். அந்தப் பொத்தான் மாற்றுவது மின்சாரத்தின் அளவை, வெப்பநிலையை அல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சூட்டில் ஒரு பங்கு காற்றில் போய்விடும். அதே பெல்ட்டோடு ரஜாய்க்குள் (பஞ்சு அடைத்த கனத்த போர்வைக்குள்) புகுந்தால் சூடு வெளியேற வழி இல்லை, ஏறிக்கொண்டே போகும். அதனால் தோல் பக்கம் வெப்ப உணரி இருக்க வேண்டும். அது பார்த்து மின்சாரத்தைத் தானே குறைக்க வேண்டும். நேரம் முடிந்ததும் தானாக அணைய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன்.

அடுத்தது, வளைவு. முட்டி ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடங்கி நிமிர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது உலோக இழையோ கார்பன் இழையோ, நேராகத் தைத்திருந்தால் துணி இழுபடும்போது அதுவும் இழுபடும். வளைந்து வளைந்து போகும்படி தைத்தால் இழுக்கும்போது வளைவு விரிந்து கொடுக்கும். மடிப்பு விழும் முட்டியின் பின்பக்கத்தில் சூடாகும் இழையே கூடாது. பெரும்பாலும் பழுதாகும் இடம் வயர் துணியை விட்டு வெளியே வருகிற முனை. அங்கே மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக அறும். மிச்சமுள்ள சில இழைகள் மொத்த மின்சாரத்தையும் சுமப்பதால் அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும். மாதம் ஒரு முறை, போட்டுக்கொள்ளாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எங்காவது ஓர் இடம் மட்டும் சுருக்கென்றால் தூக்கிப் போடுங்கள், ரிப்பேர் வேண்டாம். துவைக்கும்போது பவர் பேங்கைக் கழற்றிவிட்டு, பொருளோடு வந்த குறிப்பு அனுமதித்தால் மட்டும் கையால் அலசி, பிழியாமல் நிழலில் விரித்துப் போடுங்கள்.

பவர் பேங்க் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் உள்ளதாக இருக்கட்டும். அதன் மேல் கொள்ளளவாக எழுதியிருக்கும் 10,000 எம்ஏஎச் என்பது சுமார் 37 வாட்-மணி. 10 வாட் உடைக்கு இழப்பு போக மூன்று மணி நேரம்கூட வராது. நமக்கு அது தாராளம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "சூடே தெரியலம்மா, அதான் ஹைல வச்சேன்" என்று ஒரு பெரியவர் சொன்னபோது அவர் காலில் ஏற்கெனவே கொப்புளம். நரம்பு மரத்த காலுக்குச் சூடு தெரியாது, சுடுவதும் தெரியாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த உடைகளைக் காலில் போடவே வேண்டாம். கம்பளிச் சாக்ஸ் போதும். தைலம் தேய்த்த உடனே அந்த இடத்தின் மேல் சூடு கட்டுவதும் கூடாது, தோல் பொத்துப் போகும். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்கும் சூடு ஆகாது. சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், டூத்பேஸ்ட் வேண்டாம், சர்க்கரை உள்ளவர்கள் அன்றைக்கே மருத்துவரிடம்.

இதைத் தயாரிப்பவர்கள் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள். அணிகிறவரின் விரல் மூட்டும் வீங்கித்தான் இருக்கும். பட்டாணி அளவுப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடி என்றால் அவரால் முடியாது. உடையை அணைக்கும் பொத்தானைப் பெரிதாக, கையுறை போட்ட கைக்கும் அகப்படும் இடத்தில், ஒரே அழுத்தில் அணையும்படி வையுங்கள்.