அந்த ரிவிட்டுகள் அலங்காரமல்ல

போன வாரம் என் பட்டறைக்கு வந்த இளைஞர், இந்த ஆண்டில் இதே குறையோடு வந்த நான்காவது ஆள். இங்கிலாந்தில் பழைய கவசங்களைச் செப்பனிடுவதும், கவசமணிந்து சண்டைப் பயிற்சி செய்பவர்களுக்குத் தலைக்கவசம் பொருத்திக் கொடுப்பதும் என் தொழில். அவர் கொண்டுவந்தது 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் தலைக்கவசமான 'சாலெட்'டின் நகல். 3 மி.மீ. எஃகு. முந்தின நாள் பயிற்சியில் உச்சந்தலையில் ஓர் அடி. இரவெல்லாம் வாந்தி, வெளிச்சம் பட்டாலே தலைவலி. "தகடு நசுங்கவே இல்லையே, பிறகு எப்படி?" என்று கேட்டார். முதலில் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் கவசத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே சோபா பஞ்சைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். தாடை வாரைக் காணோம்.

தடித்த எஃகு இருந்தால் போதும் என்ற நினைப்பை யார் விதைத்தார்களோ! அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுக்கும் இதில் பங்கு உண்டு. துணியும் தோலும் மட்கிப்போக, இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் வெறும் தகட்டைத்தான். சாலெட்டைச் சுற்றி நெற்றி மட்டத்தில் ஒரு வரிசை ரிவிட் ஓடும். சிலவற்றில் அதன் தலை பூ வடிவில்கூட இருக்கும். பார்ப்பவர்கள் அழகுக்கு வைத்தது என்கிறார்கள். இல்லை! அந்த ரிவிட்டுகள் உள்பக்கம் ஒரு தோல் பட்டையைப் பிடித்திருந்தன. அந்தப் பட்டையில்தான் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே வரும் மெத்தை உறையைத் தைத்தார்கள். அதற்கு முந்திய தலைக்கவசமான 'பாசினெட்'டில் முகத் திறப்பின் ஓரமாகப் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். அவையும் உறை தைக்கத்தான்.

அந்த உறையை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். குதிரை மயிரோ சணலோ கம்பளியோ திணித்துத் தைத்த மடல்கள். உச்சியில் ஒரு கயிற்றால் அவற்றைச் சேர்த்து இழுத்துக் கட்டினார்கள். தலை அந்தத் தொட்டிலில் அமரும். மண்டைக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். கட்டடத் தொழிலாளியின் ஹெல்மெட்டுக்குள் இன்றும் இருப்பது இதே ஏற்பாடுதான். தகட்டின் வளைவும் நடுமுகடும் வெட்டை வழுக்கிவிடும், சாலெட்டின் பின்னால் நீளும் வால் பிடரியைக் காக்கும். அதெல்லாம் உங்களுக்கே தெரியும். வழுக்காமல் நேராக இறங்கும் அடியை வாங்குவது உறைதான். குதிரைமேல் வந்து மோதும் ஈட்டி விளையாட்டுக்கான தலைக்கவசம் 'ஷ்டெக்ஹெல்ம்', மார்புக் கவசத்தோடே முடுக்கப்பட்ட கனத்த இரும்பு. அதற்குள்ளும் தனியாக ஒரு மெத்தைக் குல்லாய் போட்டு, அதன் வார்களைக் கவசத்தின் துளைகள் வழியே வெளியே இழுத்துக் கட்டினார்கள். வியன்னாவில் அந்தக் குல்லாய்கள் இன்னும் இருக்கின்றன. அவ்வளவு இரும்பு போட்டவர்களே மெத்தையை விடவில்லை!

தாடை வார் விஷயத்துக்கு ஒரு மன்னரின் மண்டையோடே சாட்சி. 1485-இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் இறந்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தன. மண்டையில் மட்டும் 9 காயங்கள். அடி விழுந்தபோது தலையில் கவசம் இருந்திருக்காது என்பது 2014-இல் வெளியான ஆய்வின் முடிவு. தாடையிலுள்ள ஒரு வெட்டு, வாரை அறுத்தபோது விழுந்ததாக இருக்கலாம் என்கிறார்கள். தலையில் நிற்காத கவசம் கவசமே அல்ல.

வாங்குவதற்கு முன் உறையைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றளவு எடுங்கள். வெறுந்தலை அளவு கொடுத்து வாங்கிவிட்டு, பிறகு மெத்தைக்கு இடமில்லை என்று என்னிடம் வராதீர்கள். உச்சியில் இடைவெளி வேண்டும். பஞ்சை ஒட்டாதீர்கள், தையுங்கள். வாரைக் கட்டியபின் தலையை வேகமாக ஆட்டிப் பாருங்கள்; கவசம் தனியாக ஆடினால் களத்தில் இறங்காதீர்கள். வியர்வையில் நனைந்த உறையை நன்றாக உலர்த்துங்கள். அலமாரியில் வைக்கச் செய்த மெல்லிய நகலைப் போட்டுக்கொண்டு அடி வாங்கவே கூடாது. தலையில் பலமாகப் பட்டால் அன்றைக்குச் சண்டை முடிந்தது. மயக்கம், வாந்தி, தடுமாற்றம் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை திரும்பக் களத்துக்கு வராதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நிஜப் பழங்கவசம் வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உள்ளே ரிவிட்டோடு ஒட்டிய தோல் துணுக்கோ நூலோ தெரிந்தால் அதைத் துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், பளபளப்பாக்குகிறேன் என்று ரிவிட்டை அறுக்காதீர்கள். அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள். அந்தத் துணுக்கைப் பார்த்துத்தான் அடுத்த உறையை நான் தைக்கிறேன்.