கழியைச் சிற்றோடை ஆக்காதீர்கள்

எண்ணூர் அனல்மின் நிலையங்களைப் பற்றிய செய்தி என்றாலே ‘எண்ணூர் சிற்றோடை’ வந்துவிடுகிறது. ஆங்கில மூலத்தில் ‘கிரீக்’ என்று இருந்தால் போதும், மொழிபெயர்ப்பவர் கை தானாக அங்கே போகிறது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிரீக் என்பது ஓடைதான். இங்கிலாந்தில் அது கடல்நீர் ஏறி இறங்கும் குறுகிய நீர்வழி. எண்ணூரில் படகுவிட்டுக் காற்று வாங்கிய வெள்ளைக்காரர்கள் அந்தப் பொருளில்தான் சொன்னார்கள். தமிழில் அதற்குப் பெயர் கழி. நெய்தல் பாட்டில் கானலும் (கடற்கரைச் சோலை) கழியும் சேர்ந்தே வரும். உப்பங்கழி என்றால் இன்றைக்கும் புரியும்.

எந்தப் பெயரானால் என்ன என்பவர்களுக்கு: ஓடை ஒரே பக்கம் ஓடும். அதில் எதைக் கொட்டினாலும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று படிப்பவர் நினைப்பார். கழியில் ஓதம் ஏறும்போது தண்ணீர் திரும்ப உள்ளே வரும். வட சென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களில் கசிந்த சாம்பல் அடியிலேயே படிந்து, ஆழம் குறைந்து, படகு தரைதட்டுகிறது. இறால் ஒதுங்கும் சேற்றை அந்தச் சாம்பல் மூடிவிடுகிறது. இப்போது அங்கே யார் காற்று வாங்கப் போகிறார்கள்?

சிலர் ‘முகத்துவாரம்’ என்கிறார்கள். அது கழி கடலைத் தொடும் வாய் மட்டும். வாயைச் சொன்னால் உடம்பைச் சொன்னதாகாது. ‘கழிமுகம்’ பரவாயில்லை, சிற்றோடைக்கு எவ்வளவோ மேல். கழி என்றால் கழிவு நினைவுக்கு வருகிறதாம் இன்னும் சிலருக்கு. மரக்காணம் பக்கத்துக் கழுவெளி அந்தப் பெயரோடுதான் 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

அப்புறம் ‘ஃபிளை ஆஷ்’ என்பதற்கு எழுதும் இந்தப் ‘பறக்கும் சாம்பல்’. புகையோடு பறக்கும் நுண்சாம்பல் என்ற அளவில் சரி. தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பிய பிறகும் அது பறக்கிறதா? சாம்பல் சேறு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பவர் ஒருநாள் கரையில் நின்று பார்த்திருந்தால் இப்படி எழுதமாட்டார்.

2017-இல் மூடிய பழைய எண்ணூர் நிலையத்தை ஒட்டி 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டம் இருக்கிறது. இத்தகைய திட்டங்களுக்குக் மக்கள் கருத்துக்கேட்பு என்றால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் தரவேண்டும். அதில் ‘சிற்றோடைக்குப் பாதிப்பில்லை’ என்று எழுதியிருந்தால், கழியில் வலைபோடுகிறவர் அது வேறு எதையோ சொல்கிறது என்று தாளை மடித்து வைத்துவிடுவார்.